கட்டில் இருந்த இடம்

விற்பனைக்கு வரும் வீட்டை, பார்க்க வருகிறவர்களுக்காகத் தயார் செய்து கொடுப்பது என் வேலை. ஹோம் ஸ்டேஜிங் என்பார்கள். 11 வருடமாகச் செய்கிறேன். முதல் முறை பேசும்போது முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே கேள்வி: "டிவியில காட்டுற மாதிரி மாத்திடுவீங்களா? ரெண்டு நாள் போதுமா?"

அந்த இரண்டு நாள் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1996-ல் பிபிசியில் 'சேஞ்சிங் ரூம்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. தெரிந்த இரண்டு வீட்டார் வீட்டை மாற்றிக்கொண்டு, ஒருவர் வீட்டு அறையை மற்றவர் அலங்கரிக்க வேண்டும். 2 நாள் கெடு, 500 பவுண்டு வரம்பு. அதையே 2000-ல் அமெரிக்காவில் 'ட்ரேடிங் ஸ்பேசஸ்' என்று எடுத்தார்கள். பணம் 1000 டாலர் ஆனது, கெடு அதே 2 நாள். பிரிட்டன் நிகழ்ச்சியில், ஒரு பெண்மணி ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த தேநீர்க் கெண்டிகளைத் தொங்கும் அலமாரியில் அடுக்கினார்கள். ராத்திரியில் அலமாரி அறுந்து விழுந்து கெண்டிகள் நொறுங்கிப்போயின. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அலமாரியை மாட்டினால் உடனே பொருளை அடுக்கக் கூடாது, ஒரு நாள் பாரம் வைத்துப் பார்க்க வேண்டும். கெடு இருக்கும்போது அந்த ஒரு நாளுக்கு எங்கே போவது?

பெயின்டும் அப்படித்தான். பழைய ஆணி ஓட்டைகளை அடைத்து, பட்டி பார்த்து, அது காய்ந்த பிறகு தேய்த்து, ப்ரைமர் அடித்து, அதற்கு மேல் இரண்டு கோட். தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட் ஓரிரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். ஆனால் உள்ளே முழுசாக இறுகச் சில வாரம் பிடிக்கும். அதற்குள் பீரோவைச் சுவரோடு தள்ளினால், பிறகு நகர்த்தும்போது பெயின்ட் பெயர்ந்து வரும். டிவியில் அந்தச் சுவரை யாரும் தொடப்போவதில்லை. என் வேலையில், வாங்க வருகிறவர் முதலில் தடவிப் பார்ப்பதே சுவரைத்தான்.

அப்புறம் வெளிச்சம். படப்பிடிப்புக் குழு தன் விளக்குகளைக் கையோடு கொண்டுவரும். எனக்கு வீட்டில் இருக்கும் பல்புதான். பல்ப் வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். ஒரே ஹாலில் இரண்டு பல்ப் மஞ்சளாக, 2700 கெல்வினில் எரியும். மூன்றாவது நீலம் பாரித்த வெள்ளையில், 6500-ல் எரியும். கண் பழகிப்போனதால் குடியிருப்பவர்களுக்குத் தெரியாது. போட்டோ எடுத்தால் ஒரே சுவர் இரண்டு நிறமாக நிற்கும். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே ஏணி போட்டு எல்லா பல்பையும் 3000-க்கு மாற்றிவிடுவேன். வீட்டுக்காரர்கள் அன்று சாயங்காலமே "பெயின்ட் அடிச்சாச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். சுவரை இடிப்பதை மட்டுமே பெரிய மாற்றமாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

இடிப்பது எங்கள் வேலையே இல்லை. வெளியே எடுப்பதுதான் வேலை. ஒரு அறையில் மூன்றில் ஒரு பங்கு சாமானை எடுப்பேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அறை பெரிதாகத் தெரியும் என்று நினைப்பார்கள். நேர்மாறாகத்தான் நடக்கும். ஒரு கட்டில்கூட இல்லாத அறையில் அளவு பிடிபடாது. கட்டில் கொள்ளுமா என்ற சந்தேகம் வந்துவிடும். பரணையும் அலமாரியின் உள்தட்டையும் பாதி காலி செய்யச் சொல்வேன். வருகிறவர்கள் கட்டாயம் திறந்து பார்ப்பார்கள். ஓதம் ஏறிய சுவருக்கு முன்னால் பீரோவை வைத்து மறைக்கச் சொன்னால் மட்டும் முடியாது என்று சொல்லிவிடுவேன். அந்த வேலையே வேண்டாம் என்று இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் டிவிக்காரர்களும் நாங்களும் ஒன்று. பழைய வீட்டைப் புதுப்பித்துக் காட்டும் 'ஃபிக்சர் அப்பர்' என்ற அமெரிக்க நிகழ்ச்சியில் கடைசிக் காட்சியில் தெரியும் சாமான்கள் எல்லாம் வீட்டுக்காரர்களுக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. பிடித்ததை அவர்கள் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், மீதி திரும்பிப் போகும். நான் கொண்டுவரும் சோஃபாவும் வீடு விற்றதும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

ஆனால் அந்தக் கடைசிக் காட்சி யாருக்காக? டிவியில் கண்ணைப் பொத்திக்கொண்டு வருகிறவர் அந்த வீட்டில் வாழப்போகிறவர். என் வேலையில் கண் கலங்குகிறவர் வீட்டை விட்டுப் போகிறவர்.

போன வருடம் ஒரு வீட்டுக்குப் போனேன். ஹாலின் நடுவில் ஆஸ்பத்திரிக் கட்டில், கைப்பிடியைச் சுழற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தும் வகை. அந்த அம்மாவின் கணவர் 2 வருடம் அதில் படுத்திருந்தார். அவர் போய் 7 மாதமாகியும் கட்டில் அங்கேயே இருந்தது. பக்கத்து சோஃபாவில்தான் அந்த அம்மா அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இதை எடுத்தாத்தான் ஹால் ஹாலாத் தெரியும்" என்றேன்.

"எடுங்க. அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்" என்றார். ஆனால் கையைக் கட்டில் கம்பியிலிருந்து எடுக்கவில்லை.

அன்று எடுக்கவில்லை. புரோக்கரிடம் மூன்று நாள் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, பரண், அலமாரி, குளியலறை என்று மற்ற வேலைகளைப் பார்த்தோம். நான்காம் நாள் காலையில் அவரே போன் செய்து "இன்னிக்கு எடுத்துடுங்க" என்றார். மரத் தரையில் சக்கரம் நின்ற இடத்தில் நான்கு பள்ளம். தேய்த்து மெருகு போட்டதில் மூன்று மறைந்தன. ஒன்று போகவில்லை. கம்பளம் போட்டு மூடாமல் அப்படியே விட்டேன்.

பிறகு கவனித்தேன். சமையலறையிலிருந்து ஜன்னலுக்குப் போகும்போது அவர் நேராக நடக்கவில்லை. கட்டில் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார். திரும்பும்போதும் அப்படியே. அறையில் கால் எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் நான் சோஃபாவை வைப்பேன். இந்தக் கால் தடத்துக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தலைப்பக்கம் இருந்த இடத்தில், ஜன்னலைப் பார்த்தபடி ஒரு நாற்காலியை மட்டும் போட்டேன்.

போட்டோ எடுத்த அன்று வாசலில் நின்று பார்த்தார். "இப்படி இருந்தப்ப நாங்க இதுல இருந்ததே இல்லை" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீடு பார்க்க ஆட்கள் வரும்போது வீட்டுக்காரர் இருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். முதல் நாள் காலையில் அவர் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நான் அங்கே இருந்தேன். இரவில் போன் செய்தார். எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கவில்லை.

"அந்த நாற்காலியில யாராவது உட்கார்ந்தாங்களா?"

"ஒருத்தர் உட்கார்ந்தார்மா. கூட வந்தவங்க மாடிக்குப் போயும் அவர் எழுந்திருக்கலை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "காலையில அங்க ஒண்ணும் தெரியாது. சாயங்காலம்தான் அந்த ஜன்னல்ல வெளிச்சம் வரும். அவர் அதுக்காகத்தான் கட்டிலை அந்தப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார்" என்றார்.

மறுநாளிலிருந்து வீடு காட்டும் நேரத்தை மாலை 4 மணிக்கு மாற்றச் சொல்லி புரோக்கருக்குச் செய்தி அனுப்பினேன்.