சூடானால் நின்றுபோகும் டீசல் வண்டி: கிராங்க் சென்சார் மாற்றிய அனுபவம்

வண்டி 2008 மாடல். காமன் ரெயில் டீசல், நீளவாக்கில் உட்கார்ந்த எஞ்சின், பின்சக்கர இழுவை. எஃப்.சி. புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். காலையில் ஒரு செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும், டவுனுக்குள் எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் சொல்லாது. ஆனால் ஏற்காடு மலை ஏறினால், அல்லது வெயிலில் பைபாஸில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு டோல்கேட்டில் நின்றால், தும்மல்கூட இல்லாமல் பட்டென்று ஆஃப் ஆகிவிடும். அரை மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்தால் எதுவுமே நடக்காதது போல மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

டீசல் வண்டி நின்றால் நம் ஊரில் முதல் சந்தேகம் டீசல் ஃபில்டர் மேல், இரண்டாவது ஏர் லாக் மேல். "டாங்க்ல தூசி இருக்கும் தம்பி, இறக்கிக் கழுவிடலாம்" என்றார் தெரிந்த மெக்கானிக் அண்ணன். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியாக இருந்தால் அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும். அதில் எஞ்சின் சுற்றினால் பம்ப் சுற்றும், பம்ப் சுற்றினால் டீசல் போகும். நடுவில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. காமன் ரெயிலில் டீசல் ஒரு பொதுக் குழாயில் (அதுதான் ரெயில்) அழுத்தத்தோடு காத்திருக்கும். எந்த நொடியில் இன்ஜெக்டரைத் திறக்க வேண்டும் என்று ஈ.சி.எம். என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் எங்கே நிற்கிறது என்று அதற்குச் சொல்வது கிராங்க் சென்சார்தான். அது வாயை மூடினால் ரெயிலில் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் ஈ.சி.எம். டீசலை விடாது.

டீசல் போதாமல் நிற்கும் வண்டி பெரும்பாலும் முதலில் இழுவை குறைந்து, திணறி, அப்புறம்தான் நிற்கும். இது ஸ்விட்ச் அணைத்தது போல நின்றதால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அடுத்த முறை நின்றபோது செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்.பி.எம். முள்ளைப் பார்த்தேன். எஞ்சின் சுற்றுகிறது, முள் அசையவே இல்லை. மலிவான புளூடூத் ஸ்கேனர் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் ரெயில் அழுத்தம் 250 பார் காட்டியது, ஆர்.பி.எம். பூஜ்யம், கூடவே பி0335 என்ற கோளாறு கோடு, அதாவது கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் பிரச்சினை. டீசல் வருகிறது, சுற்றும் தகவல்தான் வரவில்லை.

இந்தக் கோடு வந்துவிட்டது என்பதற்காக உடனே சென்சார் வாங்க ஓடத் தேவையில்லை. வயர் உரசியிருந்தாலும், கப்ளரில் (வயரை மாட்டும் பிளக்) பச்சை பிடித்திருந்தாலும் இதே கோடுதான் வரும். என் வண்டியில் இருப்பது காயில் வகை: ஒரு காந்தம், அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. ஃப்ளைவீலோடு சுற்றும் சக்கரத்தில் 60 பல்லுக்கான இடம், அதில் இரண்டு பல் இல்லாமல் 58. ஒவ்வொரு பல்லும் 6 டிகிரி. அந்த இரண்டு பல் இல்லாத இடம்தான் அடையாளம். காயில் என்பதால் மல்டிமீட்டரில் ஓம் பார்க்கலாம். ஹால் வகைச் சென்சாரை (உள்ளே எலக்ட்ரானிக் சிப் இருப்பது) இப்படிப் பார்க்கக் கூடாது. மூன்று வயர் இருந்தால் ஹால்தான் என்று நினைத்துவிடவும் வேண்டாம், மூன்றாவது ஷீல்டு வயராகவும் இருக்கலாம். வயரிங் படத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

குளிர்ந்த எஞ்சினில் 860 ஓம். புதுச் சென்சாரிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். இங்கே நிறுத்தியிருந்தால் "சென்சார் நல்லாதான் இருக்கு" என்று டாங்கைக் கழற்றியிருப்போம். மலை ஏறி, நின்ற இடத்திலேயே கப்ளரைக் கழற்றிப் பார்த்தேன். மீட்டர் ஓபன் காட்டியது, அதாவது இணைப்பே இல்லை. சூட்டில் செம்பின் மின்தடை கூடுவது இயல்பு. 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் பங்கு கூடும். ஆகவே 1,050 ஓம் காட்டியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஓபன் என்றால் காயிலுக்குள் எங்கோ கம்பி அறுந்து, சூட்டில் விலகி, ஆறியதும் தொட்டுக்கொள்கிறது. வாங்க வேண்டியதுதான்.

டூப்ளிகேட் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது, வேண்டாம் என்றேன். முனைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. முனை கொஞ்சம் குட்டையாக இருந்தால் சிக்னல் பலவீனமாகும், நீளமாக இருந்தால் பல் உரசும். ஒரிஜினலையே வாங்கினேன். பழையதைக் கழற்றிய பிறகு இரண்டையும் வெர்னியரில் அளந்து பார்த்தேன், ஒரே நீளம்.

இனி கை எட்டாத கதை. சென்சார் பெல் ஹவுசிங்கின் (எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் கிளட்சை மூடியிருக்கும் கூடு) உச்சியில், ஃபயர்வாலுக்கு (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) அடியில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் கப்ளர் மட்டும் தெரியும், இரண்டு விரல் போகும், ஸ்பேனர் போகாது. ஸ்டார்ட்டரைக் கழற்றினாலும் பெரிதாக வழி கிடைக்காது. ஆகவே கீழிருந்துதான் போக வேண்டும். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். ஸ்டார்ட்டரின் பெரிய வயர் பக்கத்திலேயே ஓடுகிறது, ராட்செட் பட்டால் பொறி பறக்கும். வண்டியை வெறும் ஜாக்கியில் நிறுத்திவிட்டு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு போட்டு, சக்கரத்துக்குக் கட்டையும் கொடுத்தேன்.

கியர் பாக்ஸின் அடியில் மரக்கட்டை வைத்து இன்னொரு ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, பின்பக்கக் குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளைக் கழற்றி, வாலை மூன்று நான்கு சென்டிமீட்டர் இறக்கினேன். எஞ்சின் பின்பக்கம் சாய்ந்ததும் பெல் ஹவுசிங்குக்கு மேலே இடம் திறந்தது. இறக்கும்போது முன்னால் ரேடியேட்டர் ஃபேன் உறையில் முட்டுகிறதா, ஹோஸ் ஏதாவது இழுபடுகிறதா என்று ஒருவர் மேலே நின்று பார்க்க வேண்டும். என் மச்சான் பார்த்தான், டார்ச் பிடித்ததும் அவன்தான்.

கியர் பாக்ஸுக்கு மேலாகப் பின்னாலிருந்து நீள எக்ஸ்டென்ஷன்களை ஒன்றோடொன்று மாட்டி, முனையில் யூனிவர்சல், அதில் 10 எம்.எம். சாக்கெட். கண்ணால் பார்க்க முடியாது. ஒரு கை மேலிருந்து சாக்கெட்டைப் போல்ட் தலையில் உட்கார வைக்க, மறு கை கீழே ராட்செட்டைத் திருப்ப வேண்டும். முந்தின நாள் இரவே துருவுக்கான ஸ்ப்ரே அடித்து வைத்திருந்ததால் போல்ட் இளகியது. சென்சார் மட்டும் அசையவில்லை, ஓ-ரிங் காய்ந்து பிடித்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து முனை உள்ளேயே நின்றுவிடும், அப்புறம் கியர் பாக்ஸைத்தான் இறக்க வேண்டும். இடமும் வலமுமாகப் பொறுமையாகத் திருகினேன். வெகுநேரம் கழித்து வந்தது. காந்த முனை முழுக்க இரும்புத் தூள், மீசை மாதிரி.

புதியதின் ஓ-ரிங்கில் எஞ்சின் ஆயிலைத் தடவி, உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு அமுக்கினேன். போல்ட் கீழே விழாமல் இருக்க சாக்கெட்டுக்குள் கொஞ்சம் கிரீஸ் வைத்தேன். சின்ன போல்ட், பிளாஸ்டிக் காது. மணிக்கட்டு பலத்தோடு நிறுத்திவிட வேண்டும். வயரைப் பழைய கிளிப்பிலேயே திரும்ப மாட்டினேன். அதை விட்டுவிட்டால் வயர் எக்ஸாஸ்ட் பைப்பில் சாய்ந்து உருகும்.

செல்ஃப் அடித்ததும் முள் அசைந்தது, வண்டி எடுத்தது. ஸ்கேனரில் அந்தக் கோளாறு கோடை அழித்துவிட்டு அந்த வாரமே ஏற்காடு ஏறி இறங்கினேன், ஏ.சி. போட்டு, வேண்டுமென்றே மேலே எஞ்சினை ஓடவிட்டு. நிற்கவில்லை. இந்தக் கோளாறைத் தள்ளிப் போடாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் போய்விடும். பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் தரும் பம்பும் நின்றுவிடுவதால், இரண்டு மூன்று மிதியிலேயே பெடல் கல்லாகிவிடும்.

அடியில் படுத்திருந்தபோது பெல் ஹவுசிங்கின் கீழ் ஓட்டையில் ஆயில் கசிவும் கண்ணில் பட்டது. கிராங்க்கின் பின் சீல்தான். கிளட்சும் மேலே பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, இரண்டுக்குமே கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம்.