பழைய சர்வர் இன்னும் ஓடுகிறது

பிப்ரவரி 3, திங்கள்

இன்றும் முதல் வேலையாகச் சர்வர் அறைக்குப் போய்க் காது கொடுத்துக் கேட்டேன். விசிறிச் சத்தம் நேற்று போலவேதான் இருக்கிறது. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று டிசம்பரிலேயே போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒன்றை நம்பித்தான் எங்கள் குடிநீர் நிலையத்தின் 16 பம்பும் குளோரின் அளவும் திரையில் தெரிகின்றன. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2. பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுபோன பதிப்பு.

பிப்ரவரி 4, செவ்வாய்

சர்வரை மாற்ற அனுமதி வந்துவிட்டது. ஆனால் கடிதத்தில் "கிளவுடுக்கு மாற்றம்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் கேட்டது அது இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

இரண்டு நாளாக மண்டைக்குள் இதேதான். கிளவுட் என்றால் எதையெல்லாம் ஏற்றுவது? பம்புகளைத் திரையில் கண்காணித்து இயக்கும் அமைப்புதான் ஸ்காடா. மேலே இருப்பவர்களுக்கு அது ஒரே பொட்டலம். அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

பம்பை நிறுத்து, வால்வை மூடு என்று முடிவெடுப்பது பிஎல்சி, பம்புகளோடு நேரடியாக இணைந்த கட்டுப்பாட்டுக் கணினி. அது ஒரு சுற்று ஓடி முடிக்க 20 மில்லி வினாடி போதும். கிளவுட் 1000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், ஒளியிழையில் போய்த் திரும்ப ஒளிக்கே சுமார் 10 மில்லி வினாடி ஆகும். நடுவில் வரும் ரவுட்டர்களின் கணக்கு தனி. சரி, தாமதம் ஒரே அளவாக இருந்தால் எப்படியாவது சமாளிக்கலாம். ஒரு தடவை 20, ஒரு தடவை 300, ஒரு தடவை வராமலே போவது என்றால் அளந்து, முடிவெடுத்து, இயக்கும் கன்ட்ரோல் லூப்பை அதன்மேல் வைக்கவே கூடாது.

ஆகவே, பிஎல்சி இருந்த இடத்தைவிட்டு அசையாது. ஆபரேட்டர் திரையும் அலாரமும் வளாகத்துக்குள்ளேயே, இரண்டு ஹோஸ்டில், அதாவது இரண்டு நிஜ சர்வரில், விஎம்-களாக (மென்பொருளால் ஆன கணினிகளாக) ஓடட்டும். அளவுகளைப் பதிந்து வைக்கும் ஹிஸ்டோரியனின் ஒரு பிரதியும் மாத அறிக்கைகளும் வேண்டுமானால் கிளவுடுக்குப் போகட்டும். அதுவும் நடுவில் டிஎம்ஜெட் (உள் நெட்வொர்க்கையும் வெளியையும் பிரிக்கும் இடைப்பகுதி) போட்டு, உள்ளிருந்து வெளியே அனுப்புவதாக மட்டும். வெளியிலிருந்து உள்ளே ஒரு போர்ட்டும் திறக்கமாட்டேன். பிஎல்சி பேசும் மோட்பஸ் 1979-இல் வந்த நெறிமுறை. கேட்பவன் யார் என்று சரிபார்க்கும் வழி அதில் கிடையாது. எங்கள் பிஎல்சி-யின் 502 போர்ட்டை எட்ட முடிந்தவன் எவனும் பம்பை நிறுத்திவிடலாம். இதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். பயமுறுத்துகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

டாங்கிளை, ஸ்காடாவின் உரிமம் இருக்கும் அந்த யுஎஸ்பி சாவியை, மறந்தே போனேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சர்வரின் பின்பக்கம், கடைசி யுஎஸ்பி-யில் செருகி, யாரும் பிடுங்கிவிடாதபடி கறுப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறது. விரல் நுனி அளவுதான். அதை எடுத்தால் ஸ்காடாவுக்கு உரிமம் இல்லை. விஎம்-க்கு யுஎஸ்பி-யைக் கொடுக்கலாம், ஆனால் ஹோஸ்ட் செத்தால் விஎம் பக்கத்து ஹோஸ்டில் எழுந்திருக்கும், டாங்கிள் செத்த பெட்டியிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் இரண்டு ஹோஸ்ட் வைத்து என்ன பயன்? நெட்வொர்க் வழியாக யுஎஸ்பி-யைப் பகிரும் பெட்டிகள் இருக்கின்றன, ஆனால் அந்தப் பெட்டி பழுதானால் இரண்டு சர்வரும் சேர்ந்தே நிற்கும். மென்பொருள் உரிமமாக மாற்றித் தர முடியுமா என்று விற்றவர்களைக் கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பதில் இல்லை. விசிறிச் சத்தம் அப்படியே.

பிப்ரவரி 18, செவ்வாய்

இரண்டு ஹோஸ்டும் ஓடத் தொடங்கிவிட்டன. முதன்மை ஸ்காடா, துணை ஸ்காடா இரண்டையும் விஎம்-ஆக ஓட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். சாயங்காலம் பட்டியலைப் பார்த்தால் இரண்டும் ஒரே ஹோஸ்டில். சுமையைச் சமப்படுத்துகிறேன் என்று, விஎம்-களை நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசர் தானாகவே நகர்த்தியிருக்கிறது. ஒரு மின் இணைப்பு போனால் இரண்டும் போயிருக்கும். திரையில் மட்டும் "துணை சர்வர் தயார்" என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்ற விதியைப் போட்டுவிட்டேன். இனி தினமும் சத்தம் கேட்கப் போவதைப் போல இதையும் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 19, புதன்

கடிகாரம். ஒரு சோதனைக்காகப் பழைய ஸ்நாப்ஷாட்டுக்கு, அதாவது முன்பு சேமித்து வைத்த விஎம்-இன் நிலைக்கு, திரும்பினேன். விஎம் 40 நிமிடம் பின்னோக்கிப் போய் எழுந்தது, ஹிஸ்டோரியன் புதிய பதிவுகளை ஏற்கவே இல்லை. தோண்டிப் பார்த்தால் விஎம்-இன் நேரத்தை ஹோஸ்டும் திருத்துகிறது, நெட்வொர்க் வழியாக நேரம் தரும் என்டிபி-யும் திருத்துகிறது. ஹோஸ்டின் திருத்தத்தை நிறுத்தி, பிஎல்சி-கள் பார்க்கும் அதே என்டிபி-யை மட்டும் வைத்தேன். பம்ப் ட்ரிப் ஆகி நிற்கும்போது அழுத்தம் முதலில் விழுந்ததா, மின்சாரம் முதலில் போனதா என்பதை அலாரத்தின் நேரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். அரை வினாடி பிசகினால் தவறான மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருப்போம். ஓடும் ஸ்காடாவில் இனி ஸ்நாப்ஷாட் கிடையாது.

பிப்ரவரி 24, திங்கள்

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

புதிய திரையை எங்கள் பழைய ஆபரேட்டர் அண்ணனிடம் கொடுத்து உட்கார வைத்தேன். அவருக்குச் சொல்லாமல் பிஎல்சி பக்கத்துக் கேபிளைப் பிடுங்கினேன். பம்ப் பாட்டுக்கு ஓடியது, அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. திரையும் பாட்டுக்கு இருந்தது. அழுத்தம் 4.2. பச்சை விளக்குகள் பச்சையாகவே. அலாரம் ஒன்றும் இல்லை. நான் கேபிளைக் கையில் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை நிமிடம் கழித்து அண்ணன் திரும்பினார். "தம்பி, இந்த 4.2 அசையவே மாட்டேங்குதே. எப்பவும் 4.1-க்கும் 4.3-க்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கும்."

அந்த ஆட்டத்தைப் பல வருடம் பார்த்த கண். புதிதாகச் சேர்ந்த பையன் உட்கார்ந்திருந்தால்? அவன் 4.2-ஐ நம்பி ராத்திரி முழுக்க இருந்திருப்பான். இணைப்பு அறுந்ததை மென்பொருள் உள்ளுக்குள் குறித்துத்தான் வைத்திருக்கிறது, திரையில் காட்டச் சொல்லி யாரும் அமைக்கவில்லை. பழைய சர்வரிலும் இப்படியேதான் இருந்திருக்கிறது. இத்தனை வருடமும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஒன்றரை நிமிடம்.

பிப்ரவரி 26, புதன்

பிஎல்சி-யில் வினாடிக்கு ஒன்று கூடும் எண்ணி ஒன்று போட்டேன். 0-இலிருந்து 59 வரை போய்த் திரும்பும். எல்லாத் திரையின் வலது மேல் மூலையிலும் அந்த எண். அது 5 வினாடி மாறாவிட்டால் திரை முழுக்கச் சாம்பல் நிறமாகும், அளவுகள் மறையும், மணி அடிக்கும். கேபிளை மறுபடி பிடுங்கினேன். அண்ணன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார். "இப்ப தெரியுது," என்றார்.

மென்பொருள் உரிமம் தருகிறார்களாம். விஎம்-ஐ நகலெடுத்தால் செல்லாது, நகர்த்தினால் செல்லும். எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 1, சனி

ஹோஸ்ட் ஒன்றின் மின்சாரத்தை அப்படியே பிடுங்கினோம். துணை ஸ்காடா 7 வினாடியில் பொறுப்பெடுத்தது. செத்த ஹோஸ்டின் விஎம் பக்கத்தில் எழுந்து விண்டோஸ் ஏற 4 நிமிடம். ஹைப்பர்வைசரே பார்த்துக்கொள்ளும், துணை ஸ்காடா எதற்கு, செலவைக் குறைக்கலாமே என்று கேட்டவருக்கு இந்த இரண்டு எண்களையும் அனுப்பினேன்.

ஹோஸ்ட் மறுபடி எழுந்ததும் பட்டியலைப் பார்த்தேன். தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

மார்ச் 2, ஞாயிறு

காலை 6:10. விசிறிச் சத்தம் மாறியிருக்கிறது. மெல்லிய உரசல், நின்று நின்று வருகிறது. உரிமம் இன்னும் எழுத்தில் வரவில்லை. மாற்றுவதற்குக் குறித்திருக்கும் நாள் 12. அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறேன், கிளம்பிவிட்டாராம்.