எஞ்சின் ஓடுது, சக்கரம் இழுக்கல: லான் மோவரைப் பிரித்துப் பார்த்த கதை

உச்சிப்புளியில் எங்கள் தோப்பு வீட்டுக்கு முன்னால் 15 சென்ட் புல்தரை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் அருகம்புல் கணுக்காலை மூடிவிடும். மணல் தரையில் 35 கிலோ மிஷினைக் கையால் தள்ளி வெட்ட முடியாது என்பதால், மூன்று வருஷத்துக்கு முன் தானாக நகரும் லான் மோவர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 21 அங்குல வெட்டு, பின்சக்கரம் இழுக்கும் வகை. இந்த மார்கழியில் அது படுத்துவிட்டது. எஞ்சின் ஒரே இழுப்பில் பிடிக்கிறது, பிளேடு வெட்டுகிறது, கைப்பிடியில் இருக்கும் டிரைவ் லீவரை அழுத்தினால் மட்டும் அரைமனதாக இரண்டடி நகர்ந்து நின்றுவிடுகிறது.

எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துப் பக்கம் கொண்டுபோகும் பெல்ட்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். பிளக் வயரைக் கழற்றி, பெட்ரோலை கேனில் இறக்கி, ஏர் ஃபில்டர் மேலே இருக்கும்படி மிஷினைச் சாய்த்தேன். இதை மறக்கவே கூடாது: மறுபக்கம் சாய்த்தால் எஞ்சின் ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கிவிடும், ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை தோப்பையே மூடும். பிளேடைக் கழற்றிப் பார்த்தால் பெல்ட்டின் பக்கவாட்டில் கொஞ்சம் பளபளப்பு, வெடிப்பு எதுவும் இல்லை. இருந்தாலும் ராமநாதபுரம் போய் அதே அகலம், அதே நீளத்தில் புது பெல்ட் வாங்கி மாட்டினேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

அப்புறம்தான் மண்டபத்தில் போட் எஞ்சின் வேலை பார்க்கும் அண்ணனுக்கு போன் போட்டேன். கியர்பாக்ஸ் போயிருக்குமோ என்று என் பயத்தைச் சொன்னதும், "தம்பி, எதையும் பிரிக்காத. எஞ்சினை அணைச்சுட்டு லீவரை அழுத்திப் பிடிச்சு வண்டியைப் பின்னால இழு. ரெண்டு சக்கரமும் பூட்டணும். எது பூட்டலையோ அங்க போய்த் தேடு" என்றார்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், என் மிஷினில் பெல்ட் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். லீவரை அழுத்தினால் கேபிள் போய் கியர்பாக்ஸின் சின்னக் கையை இழுக்கும், உள்ளே கிளட்ச் பிடித்து அச்சைச் சுற்றும். அச்சின் இரண்டு முனையிலும் ஒரு பினியன், அதாவது சின்னப் பல்சக்கரம், அதற்குள்ளே நழுவும் சாவி என்கிற ஒரு சின்ன உலோகத் துண்டு. அந்தச் சாவிதான் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் விட்டுக்கொடுக்கும், சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி. அதனால் லீவர் அழுத்தியிருக்கும்போது முன்னால் தள்ளினால் உருளும், பின்னால் இழுத்தால் பூட்ட வேண்டும். இரண்டும் பூட்டினால் கேபிள், கியர்பாக்ஸ், சக்கரம் எல்லாம் நலம், பெல்ட்டைப் பார்க்கலாம். அந்த ஒரு நிமிஷச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் பெல்ட் காசு மிஞ்சியிருக்கும்.

இழுத்தேன், இரண்டுமே பூட்டவில்லை. சரி என்று கேபிளை விட்டுவிட்டு, கியர்பாக்ஸில் இருக்கும் அந்தக் கையை விரலால் முழுசாகத் தள்ளிப் பிடிக்கச் சொல்லி மகனை உட்காரவைத்து மறுபடி இழுத்தேன். வலது சக்கரம் கல் மாதிரி நின்றது. இடது சக்கரம் உருண்டது. கியர்பாக்ஸ் பிழைத்தது, கோளாறு இரண்டு: கேபிள் முழுசாக இழுக்கவில்லை, இடது சக்கரம் பிடிக்கவில்லை. போன மாசமே மிஷின் இடதுபக்கமாகவே ஒதுங்கி ஒதுங்கிப் போனது, நேராக ஒரு வரிசை வெட்ட முடியவில்லை. வலது சக்கரம் மட்டும் தள்ளினால் அப்படித்தானே போகும், எனக்குத்தான் உறைக்கவில்லை.

இடது சக்கரத்தைக் கழற்றினேன். தூசி மூடிக்குப் பின்னால் பழைய கிரீஸும் மணலும் சேர்ந்து கருப்பு மை மாதிரி அப்பியிருந்தது, விரலில் தேய்த்தால் நறநறவென்றது. பினியனை உருவினால் சாவி கையில் விழ வேண்டும், இங்கே விழவில்லை. அச்சின் பள்ளத்துக்குள் துருவோடு ஒட்டிக்கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு அரைமணி நேரம் கழித்து ஸ்க்ரூடிரைவரால் மெதுவாக நெம்பியதும் வந்தது. விரல் நகம் நீளம்தான் இருக்கும், ஒரு விளிம்பு லேசாக மழுங்கியிருந்தது. பள்ளத்தைச் சுத்தம் செய்து, விட்டால் தானாக நழுவுகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். சாவிக்கு கெட்டி கிரீஸ் வைக்காதீர்கள். மணலைப் பிடிப்பதோடு சாவியையும் நழுவவிடாது. இரண்டு சொட்டு மெல்லிய ஆயில் போதும்.

கையோடு வலதுபக்கத்தையும் பிரித்துச் சுத்தம் செய்தேன், இரண்டு பினியனையும் ஒரே தட்டில் போட்டேன், மாற்றி மாட்டிவிட்டேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், உள்ளே சாவி பிடிக்கும் வெட்டின் சாய்வு மட்டும் எதிரெதிர். இப்போது முன்னால் தள்ளினால் பூட்டுகிறது, பின்னால் இழுத்தால் உருளுகிறது. திரும்பப் பிரித்துச் சரியாக மாட்டவே ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. கழற்றும்போதே மார்க்கரால் இ, வ என்று எழுதிவிடுங்கள்.

கேபிளில் கைப்பிடி அருகே வளையும் இடத்தில் மேலுறை வெடித்து, உள்கம்பி துருவேறி உப்பியிருந்தது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று உப்பையும் மணலையும் அள்ளி வீசுகிற ஊர் இது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி, உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்முனையில் பிளாஸ்டிக் பையைக் கட்டி ஆயில் ஊற்றி இரவு முழுக்கத் தொங்கவிட்டேன். காலையில் கீழே தேநீர் நிறத்தில் சொட்டியிருந்தது, ஆனாலும் ஓட்டம் முழுசாக வரவில்லை. கடைசியில் பைக் கிளட்ச் கேபிளை உறையோடு நீளத்துக்கு வெட்டி, முனைக் குண்டை ஈயம் ஊற்றிப் பிடித்தேன். லீவரை விட்டால் வண்டி பின்னால் தடையில்லாமல் உருள வேண்டும், பாதி அழுத்தும்போது பிடிக்கத் தொடங்க வேண்டும், அந்த அளவுக்கு அட்ஜஸ்டர் வைத்தேன். இதைவிட இறுக்கினால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்தபடியே தேயும்.

நேற்று முழுத் தரையும் வெட்டினேன். கிணற்றடியில் இருந்து வேலி வரை நேர்கோடு. ஒன்றரை மணி நேரம் கழித்து, சூடான நிலையிலும் பின்னால் இழுத்துப் பார்த்தேன், இரண்டும் பூட்டின. அடுத்தது பிளேடு மூடியின் அடிப்பக்கத் துரு. சுரண்டி, போட்டுக்கு அடிக்கும் பெயின்ட் கொஞ்சம் தருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார், பொங்கலுக்குள் அடித்துவிட வேண்டும்.