ஆட்டோகேட் ப்ளகின்: கோடு வரைவது சுலபம், மற்றதெல்லாம் பாடு

வரைபட மென்பொருளான ஆட்டோகேடுக்கு சி ஷார்ப் மொழியில் ப்ளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எழுதச் சொல்லித்தரும் பாடங்கள் பெரும்பாலும் ஒரு கமாண்ட், ஒரு கோடு, ஒரு வட்டத்தோடு முடிந்துவிடும். தலைவலி அதற்கப்புறம்தான். நம் நிரல் அடுத்தவர் புரோகிராமுக்குள் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. பாதிப் பிழைகள் அங்கிருந்துதான் வருகின்றன.

ப்ளகினை ஏற்றும் நெட்லோட் கமாண்டில் ஏற்றிய டிஎல்எல்லை (பில்ட் செய்த நிரல் ஃபைல்) இறக்க வழியில்லை. ஒரு வரியை மாற்றி மறுபடி பில்ட் கொடுத்தால், ஃபைல் பூட்டியிருக்கிறது என்று விஷுவல் ஸ்டுடியோ நின்றுவிடும். ஆட்டோகேடை மூடித் திறக்க வேண்டியதுதான். கணக்குப் பகுதியைத் தனி டிஎல்எல்லாகப் பிரித்து வெளியிலேயே சோதித்துவிட்டால் பாதி நேரம் மிச்சம். திரை தேவைப்படாத கமாண்டுகளை அக்கோர்கன்சோலில் (திரையில்லாத ஆட்டோகேட்) ஓட்டலாம், சீக்கிரம் திறக்கும். ஆனால் ஆட்டோகேடின் திரைப் பகுதிக்கான ஏசிஎம்ஜிடி டிஎல்எல்லைத் தொடும் நிரல் அதில் ஓடாது. வரைபடத் தரவுக்கான ஏசிடிபிஎம்ஜிடி, மையப் பகுதிக்கான அக்கோர்எம்ஜிடி இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்றுக்கும் காப்பி லோக்கல் (பில்டோடு டிஎல்எல்லின் நகலையும் வைக்கும் அமைப்பு) ஃபால்ஸ் என்று இருக்கட்டும்.

அதிகம் பேரைக் குழப்புவது லாக் வயலேஷன், அதாவது பூட்டாத டாக்குமெண்டை மாற்றப் பார்த்தால் வரும் பிழை. கமாண்டாக அடித்தால் ஒழுங்காக ஓடும் நிரல், அதையே பேலட்டில் (திரையோரக் கருவிப் பலகை) ஒரு பட்டனுக்குக் கொடுத்ததும் வெடிக்கும். கமாண்ட் ஓடும்போது ஆட்டோகேடே டாக்குமெண்டைப் பூட்டித் தருகிறது. பட்டன் அழுத்தம் எந்தக் கமாண்டுக்குள்ளும் இல்லை, அதனால் பூட்டும் இல்லை. லாக்டாக்குமெண்டை, வேலை முடிந்ததும் பூட்டைத் தானே திறந்துவிடும் யூஸிங்குக்குள் அழைத்தால் சரியாகும். அதைவிட நல்ல வழி, பட்டன் எதையும் வரையாமல், சென்ட்ஸ்ட்ரிங்டுஎக்ஸிகியூட் மூலம் கமாண்டைக் கூப்பிடுவது. பூட்டோடு, ஒரே அன்டூவில் எல்லாம் திரும்புவதும் சேர்ந்தே கிடைக்கும்.

ட்ரான்ஸாக்ஷனில் (மாற்றங்களை ஒரு கட்டாகச் செய்யும் முறை) அவற்றை உறுதிசெய்யும் கமிட்டை மறந்தால் பிழையே வராது, திரையில் ஒன்றும் வராது, அவ்வளவுதான். புதுப் பொருளை வரைபடத்தில் சேர்க்கும் அப்பெண்ட்என்டிட்டிக்குப் பிறகு, அதை ட்ரான்ஸாக்ஷனிடம் சொல்லும் ஆட்நியூலிகிரியேட்டட்டிபிஆப்ஜெக்டை விட்டால் இன்னும் மோசம்: சம்பந்தமே இல்லாத இடத்தில், பிறகு எப்போதோ ஆட்டோகேடே விழும்.

பிளாக் (கதவு மாதிரி திரும்பத் திரும்பச் செருகும் வரைபடத் துண்டு) செருகும்போது அதன் அட்ரிப்யூட் (அதோடு ஒட்டிய எழுத்து விவரம்) தானாக வராது. பிளாக் வரையறையில் உள்ள, கான்ஸ்டன்ட் (மதிப்பு மாறாதது) அல்லாத ஒவ்வொரு அட்ரிப்யூட் டெஃபினிஷனுக்கும் நாமே ஒரு ரெஃபரன்ஸ் உண்டாக்கி, செட்அட்ரிப்யூட்ஃப்ரம்பிளாக் கொடுத்து, பிளாக்கோடு சேர்க்க வேண்டும். டைனமிக் பிளாக்கில் இன்னொரு வம்பு. அதன் நீளத்தை யாராவது இழுத்து மாற்றியதும் பெயர் *யூ12 மாதிரி ஆகிவிடும். பெயரை வைத்துக் கதவுகளை எண்ணும் நிரல் பாதிக் கதவுகளை விட்டுவிடும். டைனமிக்பிளாக்டேபிள்ரெக்கார்ட் வழியாக அசல் பெயரை எடுங்கள்.

கிராஸிங் விண்டோவால் (தொடுவதையெல்லாம் எடுக்கும் செவ்வகம்) தேர்வு செய்யும் நிரல், திரைக்கு வெளியே இருப்பதைப் பார்க்காது. முதலில் அந்தப் பகுதிக்கு ஜூம் செய்யுங்கள், அல்லது மாடல்ஸ்பேஸில் (வரையும் முழு வெளி) உள்ள பொருள்களைச் சுற்றிவந்து ஆயத்தொலைவை நீங்களே ஒப்பிடுங்கள்.

பயனர் சொடுக்கும் இடத்தைக் கேட்டு வாங்கும் கெட்பாயின்ட் தரும் புள்ளி யூசிஎஸ்ஸில் (பயனர் தன் வசதிக்கு வைத்துக்கொள்ளும் ஆய அமைப்பு) இருக்கும். வரையும் பொருளுக்கு வேர்ல்டு ஆயங்கள் (வரைபடத்தின் மாறாத ஆய அமைப்பு) வேண்டும். கரன்ட்யூசர்கோஆர்டினேட்சிஸ்டம் மேட்ரிக்ஸால் பெருக்கிவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் காலி ஃபைலில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. சர்வே வரைபடத்தைத் திருப்பி வைத்து வேலை செய்பவரிடம் போனதும், கட்டடம் பக்கத்து ஊரில் விழும். யூசிஎஸ்ஸை நகர்த்தி, இசட் அச்சில் 30 டிகிரி திருப்பி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

தெரியாத இடத்திலிருந்து நிரல் ஏற்றும்போது வரும் செக்யூர்லோட் எச்சரிக்கை தொல்லையாக இருக்கிறதென்று அதை 0 ஆக்கச் சொல்பவர்கள் உண்டு. அது தப்பு. ப்ளகின் ஃபோல்டரை டிரஸ்டட் பாத்ஸில் (நம்பலாம் என்று குறித்த ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்த்தால் போதும்.

இனி பதிப்பு. ஆட்டோகேட் 2021 முதல் 2024 வரை, நம் நிரலை ஓட்டும் தளம் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8, 2025இல் டாட்நெட் 8. ஒரே டிஎல்எல் இரண்டுக்கும் ஆகாது. ஒரே மூலநிரலிலிருந்து இரண்டு பில்ட் எடுத்து, பண்டிலின் (ப்ளகினை வைக்கும் ஃபோல்டர்) பேக்கேஜ்கன்டென்ட்ஸ் ஃபைலில், எந்தப் பதிப்புக்கு எந்த டிஎல்எல் என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும்: பழையதற்கு சீரீஸ்மின் (தொடக்கப் பதிப்பு) ஆர்24.0, அதாவது 2021, சீரீஸ்மேக்ஸ் (கடைசிப் பதிப்பு) ஆர்24.3, அதாவது 2024, புதியதற்கு சீரீஸ்மின் ஆர்25.0, அதாவது 2025. சீரீஸ்மேக்ஸ் போடாமல் விட்டால் 2025 பழைய டிஎல்எல்லையும் ஏற்றப் பார்க்கும். சில சமயம் ஏறியும் விடும். டாட்நெட் 8இல் இல்லாத ஒரு கிளாஸைக் கூப்பிடும் கமாண்டை யாராவது அடிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.