கொடிக்குளத்தில் ஒரு காலைப்பொழுது

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலை அடிவாரத்தை ஒட்டி உள்ளே சென்றால் கொடிக்குளம் வருகிறது. வைணவ ஆசாரியர்களின் வரலாற்றைச் சொல்லும் குருபரம்பரை நூல்கள் ஜோதிஷ்குடி என்று குறிப்பிடுவது இந்த ஊரைத்தான். யோக நரசிங்கப் பெருமாளைச் சேவிக்க யானைமலைக்கு வருகிறவர்களில் பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். வேதநாராயணப் பெருமாள் கோயில் மிகச் சிறியது. திருவரங்கத்து வைணவ ஆசாரியரான பிள்ளை லோகாசாரியரின் கடைசி நாள்கள் கழிந்த இடம் என்பதே அதன் பெருமை.

1323இல் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, மூலவரான பெரிய பெருமாளின் சந்நிதியைக் கற்சுவர் எழுப்பி மறைத்துவிட்டு, உற்சவரான நம்பெருமாளைப் பல்லக்கில் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே புறப்பட்டார் லோகாசாரியர். அப்போது அவர் முதியவர். வழியில் கள்வர்கள் பெருமாளின் திருவாபரணங்களைப் பறித்தபோது அவர் எதிர்த்து நிற்கவில்லை என்றும், தம்மிடம் இருந்ததையும் அவர்களிடமே கொடுத்துவிட்டார் என்றும் பெரியோர் சொல்வர். பெருமாளை இந்த மலைக்குகையில் மறைத்து வைத்துக் காத்த அவர், அரங்கம் திரும்பாமலே இங்கு உயிர் நீத்துத் திருநாடு எய்தினார்.

குகைப் பக்கம் நடக்கும்போது வழிகாட்டிய பெரியவர், "எறும்பை மிதிக்காம வாங்கோ, ஆசாரியன் கை பட்ட வம்சமாச்சே" என்றார். தம் இறுதிக் காலத்தில் அருகில் ஊர்ந்த எறும்புகளையும் கையால் தொட்டு, தம் சம்பந்தத்தால் அவையும் கரையேறட்டும் என்று லோகாசாரியர் அருளியதாக ஒரு வழக்கு உண்டு. பாறை இடுக்கில் அரிசி நொய்யைத் தூக்கிக்கொண்டு சென்ற கட்டெறும்பு வரிசையை என் தாயார் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரும் கோயிலும் பறிபோன நிலையில், லோகாசாரியரின் கவனம் எறும்பின் மேல் சென்றதே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

மூன்று தலைமுறையாக வாழ்ந்த வீட்டைக் கடனுக்காக விற்க வேண்டிய நிலையில்தான் நாங்கள் அங்கே சென்றிருந்தோம். விட்டுவிடு, எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்று சுற்றத்தார் சொன்ன ஆறுதல் எனக்குச் சற்று எரிச்சலையே தந்தது. சரணாகதியைக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகப் புரிந்துகொண்டால் லோகாசாரியரின் வாழ்க்கை அதற்கு நேர் எதிரான சாட்சியாக நிற்கும். எம்பெருமானை அடைய எம்பெருமானே உபாயம் (வழி), நம் முயற்சி உபாயமாகாது என்பதைத் தம் ஸ்ரீவசனபூஷணம் என்ற நூலில் அத்தனை உறுதியாக நிலைநாட்டியவர்தாம், ஆபத்து வந்ததும் சுவரெழுப்பச் செய்தார், பல்லக்குடன் காட்டுவழி நடந்தார், குகையைத் தேடினார். ஆபரணம் போனபோது கைவிட்டார்; பெருமாளைக் கைவிடவில்லை. பலனின் மீதிருந்த பிடியைத்தான் அவர் தளர்த்தினார், கைங்கரியத்தின், அதாவது பெருமாளுக்குச் செய்யும் தொண்டின், மீதிருந்த பிடியை அல்ல. அன்று அந்தப் பாறை நிழலில் எனக்கு இது புரிந்தபோது, வீட்டுப் பத்திரத்தைப் பற்றிய நினைப்பு முன்போல் நெஞ்சை அடைக்கவில்லை. முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்யாகும்.

அவர் பரமபதித்த பிறகும் நம்பெருமாளின் அலைச்சல் தொடர்ந்தது. அழகர்கோயில், கோழிக்கோடு, திருநாராயணபுரம், திருமலை எனப் பல இடங்களில் தங்கி, செஞ்சியில் இருந்த விஜயநகர அரசின் அதிகாரி கோபணாரியரின் முயற்சியால் 1371இல்தான் அரங்கம் திரும்பினார். அதைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் திருவரங்கத்தில் இருக்கிறது. இடையில் கழிந்த 48 ஆண்டுகளில் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டார்கள்.

இந்தத் திரும்புதலைக் காண மாட்டோம் என்று லோகாசாரியர் அறிந்திருக்க வேண்டும். ஆயினும், மதுரையில் அரசுப் பொறுப்பில் மூழ்கியிருந்த திருமலையாழ்வாரைத் திருத்தி வைணவ சம்பிரதாயத்திற்கு மீட்டுவருமாறு கூரகுலோத்தம தாசர் முதலான சீடர்களிடம் சொல்லிவிட்டே கண்மூடினார். அந்தத் திருமலையாழ்வாரே பின்னாளில் திருவாய்மொழிப் பிள்ளையாகி, வைணவத்தின் பெரும் ஆசான்களில் ஒருவரான மணவாள மாமுனிகளுக்கு ஆசாரியரானார்.