மல்டிமீட்டரும் மின்சுற்றில் ஓர் உறுப்பே

சில ஆண்டுகளுக்கு முன், பேட்டரியில் இயங்கும் ஒரு சிறிய சென்சார் போர்டின் உறக்கநிலை மின்னோட்டத்தை அளக்க முயன்றேன். மீட்டரை இணைத்த கணம் முதல் போர்டு ஓயாமல் ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் நிரலையே சந்தேகித்து, வரி வரியாகத் தேடிச் சலித்த பிறகுதான், மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் என் மீட்டருக்குள் 100 ஓம் ஷன்ட், அதாவது மின்னோட்டத்தை அளக்கத் தொடராக வைத்த தடை, இருப்பது நினைவுக்கு வந்தது. உறக்கத்தில் 8 மைக்ரோஆம்பியர் மட்டுமே எடுக்கும்போது அந்த ஷன்ட்டில் விழும் வோல்டேஜ் 0.8 மில்லிவோல்ட், அதை யாரும் பொருட்படுத்தத் தேவையில்லை. ஆனால் போர்டு விழித்து 8 மில்லிஆம்பியர் இழுத்தவுடன் அதுவே 0.8 வோல்ட் ஆகிவிடுகிறது, 3.3 வோல்ட் சப்ளை 2.5 வோல்ட்டுக்கு இறங்குகிறது, சப்ளை அளவுக்கு மீறி இறங்குகிறதா என்று கவனிக்க 2.7 வோல்ட்டில் வைத்திருந்த பிரவுன்-அவுட் காவல், தனக்கிட்ட வேலையைச் சரியாகச் செய்து மைக்ரோகண்ட்ரோலரை ரீசெட் செய்கிறது. பிழை நிரலில் இல்லை, நான் நுழைத்த மீட்டரில் இருந்தது.

அன்றிலிருந்து, மின்னணுவியல் வேலைக்கு வாங்க எந்த மல்டிமீட்டரின் டேட்டாஷீட்டைத் திறந்தாலும், அது எதையெல்லாம் அளக்கும் என்று பார்ப்பதற்கு முன், அளக்கும்போது சுற்றை எவ்வளவு கெடுக்கும் என்றுதான் பார்க்கிறேன். மின்னோட்ட ரேஞ்சுகளுக்கு எதிரே பர்டன் வோல்டேஜ் (மீட்டருக்குள்ளேயே விழும் வோல்டேஜ்) என்ற தலைப்பில், ஒரு மில்லிஆம்பியருக்கு இத்தனை மில்லிவோல்ட் என அச்சிட்டிருப்பார்கள். அச்சிடவே இல்லையென்றால் அந்த மீட்டரை நான் ஒதுக்கிவிடுவேன். மில்லிஆம்பியர் ரேஞ்சுக்கு மாறினால் இழப்பு குறையும் என்பது உண்மைதான்; ஆனால் 6000 கவுண்ட் மீட்டரின், அதாவது ஒரு ரேஞ்சை 6000 படிகளாகப் பிரித்துக் காட்டும் மீட்டரின், 60 மில்லிஆம்பியர் ரேஞ்சில் ஒரு படியே 10 மைக்ரோஆம்பியர் என்பதால், 8 மைக்ரோஆம்பியர் உறக்கம் அங்கே கண்ணுக்கே தெரியாது. இதற்கு நான் கண்ட வழி, சுற்றுக்குத் தொடராக என்னுடைய 10 ஓம் தடையொன்றைப் போட்டு, அதன் குறுக்கே மில்லிவோல்ட் அளப்பதுதான். உறக்கத்தில் 0.08 மில்லிவோல்ட், விழிப்பில் 80 மில்லிவோல்ட்; போர்டு கலங்குவதில்லை. ஆகவே 10 மைக்ரோவோல்ட் வரை பிரித்துக் காட்டும் மில்லிவோல்ட் ரேஞ்ச், மின்னணுவியல் வேலைக்கு மீட்டரின் மிகப் பயனுள்ள ரேஞ்சுகளில் ஒன்று என்பது என் கருத்து. விளம்பரங்களில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை.

வோல்டேஜ் அளக்கும்போதும் இதே கதைதான், சற்று மென்மையாக. பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களின் உள்ளீட்டுத் தடை 10 மெகாஓம். 5 வோல்ட்டை இரண்டு 1 மெகாஓம் தடைகளால் பாதியாகப் பிரித்து நடுவில் அளந்தால், 2.5 வோல்ட்டுக்குப் பதிலாக 2.38 வோல்ட் காட்டும். விலை உயர்ந்த மீட்டரும் இதையேதான், இன்னும் கூடுதல் இலக்கங்களுடன், காட்டும். மேசையில் வைக்கும் மீட்டர்கள் பலவற்றில் கீழ் ரேஞ்சுகளுக்கு 10 ஜிகாஓமுக்கும் மேலான உள்ளீட்டைத் தேர்ந்துகொள்ளலாம். உயர்தடைச் சுற்றுகளில் அடிக்கடி வேலை செய்பவருக்கு அது தேவைப்படும்.

இலக்கங்களுக்கு வருவோம். கவுண்ட் என்பது துல்லியம் அல்ல. ஆனால் துல்லியக் கணக்கில் அதற்கும் பங்கு உண்டு. ±(0.5% + 2 இலக்கம்), அதாவது காட்டும் அளவில் 0.5 சதவீதமும் கடைசி இலக்கத்தில் 2 படியும் பிழை இருக்கலாம் என்ற ஒரே விவரக்குறிப்புள்ள இரு மீட்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 3.3 வோல்ட்டை 6000 கவுண்ட் மீட்டர் தன் 6 வோல்ட் ரேஞ்சில், 1 மில்லிவோல்ட் படியில் அளக்கும். பிழை எல்லை 18.5 மில்லிவோல்ட். 2000 கவுண்ட் மீட்டரோ 20 வோல்ட் ரேஞ்சுக்குத் தாவி 10 மில்லிவோல்ட் படியில் அளப்பதால் எல்லை 36.5 மில்லிவோல்ட் ஆகிறது. நாம் அன்றாடம் அளக்கும் 3.3, 5 வோல்ட் இரண்டும் 1.999 என்ற வரம்புக்கு மேலே இருப்பதால்தான் 6000 கவுண்ட் நல்ல தொடக்கம் என்கிறேன். 50000 கவுண்ட் மீட்டரை வாங்கிவிட்டு, கடைசி இரண்டு இலக்கங்கள் ஆடுவதை வேடிக்கை பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன். நானும் சில மாதம் அப்படி இருந்தவன்தான்.

ஏசி அளவீட்டில் ட்ரூ ஆர்எம்எஸ், அதாவது அலை எந்த வடிவத்தில் இருந்தாலும் அதன் உண்மையான பயனுறு மதிப்பைக் காட்டும் வசதி, வேண்டும். சராசரியை அளந்து சைன் அலைக்கு ஏற்பப் பெருக்கிக் காட்டும் எளிய மீட்டர், சதுர அலையை ஏறத்தாழ 11% கூட்டியே சொல்லும். ஆனால் ட்ரூ ஆர்எம்எஸ் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. அது எத்தனை ஹெர்ட்ஸ் வரை செல்லும் என்று பார்க்க வேண்டும், ஏனெனில் 1 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும் மீட்டர் 20 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றிக் கட்டுப்படுத்தும் அலை) பற்றிச் சொல்வதை நம்ப முடியாது. மேலும் பல மீட்டர்கள் ஏசி நிலையில் டிசி பகுதியைத் தடுத்துவிடுகின்றன. 0 முதல் 5 வோல்ட் வரை பாதிப் பாதி நேரம் மாறும் அலையின் உண்மையான ஆர்எம்எஸ் 3.54 வோல்ட்; அத்தகைய மீட்டரோ 2.5 வோல்ட் என்றே காட்டும். ஏசி+டிசி நிலை உள்ள மீட்டர் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும்.

பாதுகாப்பில் மட்டும் நான் பேரம் பேசுவதில்லை. சிறு வோல்டேஜ் வேலைதானே என்று வாங்கிய மீட்டர், ஒருநாள் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளையின் முதன்மைப் பக்கத்தில், 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டரைத் தொடப்போவது உறுதி. புரோப்பை ஆம்பியர் துளையிலேயே மறந்துவிட்டு வோல்டேஜ் அளக்கப் போனால், நாம் வைப்பது கிட்டத்தட்ட ஒரு ஷார்ட் சர்க்யூட். அந்த நேரத்தில் கண்ணாடி ஃபியூஸ் உடைந்து உள்ளே தீப்பொறி தொடரலாம். மணல் நிரப்பிய, உயர் துண்டிப்புத் திறன் கொண்ட ஃபியூஸ் அதை அடக்கும். கேட் 3 (CAT III என்ற பாதுகாப்பு வகை), 600 வோல்ட் என்ற தரம் 6000 வோல்ட் கணநேர எழுச்சியைத் தாங்குவதைக் குறிக்கும். அந்தத் தரம் உறையில் அச்சிட்ட எழுத்தாக மட்டும் இல்லாமல், தனிச் சோதனைக்கூடத்தின் சான்றோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சிறு விஷயங்கள், ஆனால் தினமும் கையில் உறுத்துபவை. கண்டினியூட்டி ஒலி (இணைப்பு அறுபடாமல் இருப்பதைச் சொல்லும் ஒலி) தொட்டவுடன் வர வேண்டும். அரை நொடி தாமதித்தால் ஐசியின் கால்களை வரிசையாகத் தேய்த்துச் சோதிக்க முடியாது. டயோடு சோதனையின் வோல்டேஜ் 3 வோல்ட்டுக்குக் குறைவென்றால் வெள்ளை எல்இடி ஒளிராமல் போகலாம். தானாக அணையும் வசதியை நிறுத்தி வைக்க முடியாத மீட்டர், நீண்ட அளவீட்டின் நடுவில் உறங்கிவிடும். கூடவே வரும் புரோப்கள் மழுங்கலாக இருந்தால், ஊசிமுனை புரோப்களைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

ஒரே விலையுயர்ந்த மீட்டரா, நடுத்தர மீட்டர் இரண்டா என்று கேட்டால், எனக்கு இரண்டு. ஒன்று தொடராக மின்னோட்டத்தை அளக்கும்போது, மற்றொன்று சிப்பின் சப்ளைக் காலில் மிகக் குறைந்த வோல்டேஜைப் பதிவு செய்யும் நிலையில் இருக்கட்டும். அன்று அப்படி வைத்திருந்தால், கணநேரச் சரிவு முழுவதையும் அது பிடிக்காவிட்டாலும், 3.3 அங்கே நிலையாக இல்லை என்பதையாவது முதல் நிமிடத்திலேயே கண்டிருப்பேன்.