அம்மாவின் கையை ரோபோ அளந்தபோது

பக்கவாதம் வந்தவர்களின் கை அசைவை ரோபோ வைத்துப் பார்க்கிறார்கள் என்றதும் பலரும் அதைச் சிகிச்சை என்றே நினைக்கிறார்கள். நாங்கள் போனது அளந்து பார்க்க மட்டும்தான். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் செய்தோம். கூட்டிப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இடது பக்கம் வந்தது. கடலூரிலேயே பிசியோதெரபி செய்து கை நன்றாகத் தேறிவிட்டது, பலம் 5-க்கு 4 என்று எழுதியும் கொடுத்தார்கள். ஆனால் டம்ளரைப் பிடித்தபடி டிவி பக்கம் திரும்பினால் போதும், டம்ளர் கீழே விழும். கவனக்குறைவு என்று அக்கம்பக்கத்தில் சொன்னபோது எனக்கு மனசு ஒப்பவில்லை.

நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் மேஜை மட்டத்தில் உள்ள பிடிகளில் வைத்து, இடது கை நழுவாமல் பட்டை போட்டார்கள். முதலில் திரையில் புள்ளி தெரிகிற இடத்துக்குக் கையைக் கொண்டுபோக வேண்டும். கிளம்ப எவ்வளவு நேரம், பாதை நேராக இருந்ததா, நடுவில் எத்தனை தடவை திருத்தினார் என்று எல்லாம் பதிவாகிறது. பக்கவாதம் வந்தவர்களின் அசைவை மதிப்பிட 1975-இல் வந்த ஃபூகல்-மேயர் முறையில் ஆள் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 மட்டும், கைக்கு மொத்தம் 66. அசைவு கொஞ்சம் மாறியிருந்தால் அதில் தெரியாது. கனடாவில் ஸ்டீபன் ஸ்காட் உருவாக்கிய கைனார்ம் மாதிரியான ரோபோ கருவிகள் அந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

இதில் அம்மா நன்றாகவே செய்தார். அப்புறம்தான் விஷயம். கைகளைப் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டு, மெஷின் இடது கையை ஓர் இடத்துக்கு நகர்த்தும், வலது கையை அதற்கு நேர் எதிராக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். இடது கை நன்றாக வெளியே போய் நீண்டிருந்தது, அம்மாவின் வலது கை நெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றது. "சரியா வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டதற்கு, "சரியாத்தாம்மா வச்சிருக்கேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையில் பலம் இருக்கிறது, ஆனால் பார்க்காவிட்டால் அந்தக் கை எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. பலத்தை மட்டும் பார்த்தால் இது எப்படித் தெரியும்?

அதே வயதுள்ள, நோயில்லாதவர்களின் அளவோடு ஒப்பிட்டு அறிக்கை தந்தார்கள். இப்போது பயிற்சியே வேறு. கண்ணை மூடிக்கொண்டு கை இருக்கும் இடத்தைச் சொல்லவேண்டும், பொருளைத் தொட்டுக் கண்டுபிடிக்கவேண்டும். சூடான பாத்திரத்தை இடது கையால் தொடவே கூடாது என்றும் சொன்னார்கள், அந்தக் கைக்குச் சூடும் சரியாகத் தெரியாமல் போகலாமாம்.

போகிறவர்கள் மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள், திரையைப் பார்க்க வேண்டும். களைப்பாக இருந்தால் பதிவாகிற அளவுகளே மாறிவிடும், அதனால் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, மாத்திரையை வழக்கமான நேரத்துக்குப் போட்டுவிட்டுப் போங்கள். பார்க்கின்சன் (நடுக்குவாதம்) உள்ளவர்களுக்கு மாத்திரை போட்ட நேரம் ரொம்ப முக்கியம், அதை எழுதி வைத்துச் சொல்லுங்கள். அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை இதோடு வைத்துப் பார்த்தால்தான் கை முன்னேறியதா என்று தெரியும்.